அம்மாவின் மூக்கும் மாமாவின் தலையும்

நசரத்பேட்டையில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு ஊரார் ஓர் அடையாளம் சொல்வார்கள். "மூஞ்சியில மருவு இருக்குமே, அந்தம்மா வூடு." பூந்தமல்லியைத் தாண்டியதும் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடந்த ஊர் அது. இப்போது தலைக்குமேல் வெளிவட்டச் சாலை போகிறது, கல்லூரி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. அப்போது சாலையின் இரண்டு பக்கமும் வயல். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், எல்லாருக்கும் ஒரு அடையாளம் உண்டு. அம்மாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு இருந்தது.

முதலில், அவை மரு அல்ல. மரு சொரசொரப்பாக இருக்கும், சில சமயம் தானாகவே உதிர்ந்தும் போகும். அம்மாவின் மூக்கோரத்திலும் புருவங்களுக்கு நடுவிலும் மேலுதட்டிலும் இருந்தவை தோலின் நிறத்திலேயே, ஊறவைத்த ஜவ்வரிசியைப் போல வழவழப்பாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வலி இல்லை, அரிப்பு இல்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு கூடும், ஒன்றுகூடக் குறையாது.

எனக்கு எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. பருவென்று நினைத்தேன். பரு வரும் போகும், இது வந்தது வந்ததுதான். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருவதைக் கவனித்த நாளில் அம்மாவிடம் காட்டினேன். அவள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உனக்குமா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து கைவைத்தியம். அம்மான் பச்சரிசிச் செடியைக் கிள்ளி அந்தப் பாலை வைத்தார்கள். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்ததில் கட்டி அப்படியே இருக்க, பக்கத்துத் தோல் வெந்தது. திருவேற்காட்டுக் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வந்தோம். இதில் எதையும் நான் கேலி செய்ய மாட்டேன். டாக்டர்கள் தந்த பரு மருந்துகளும் இதே அளவுக்குத்தான் வேலை செய்தன.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, தலையில் எப்போதும் துண்டைச் சுற்றியிருப்பார். வயலிலும், சாப்பாட்டுக்கு உட்காரும்போதும், தூங்கும்போதும்கூட. துண்டுக்கு அடியில் கட்டிகள். பெரியது எலுமிச்சை அளவு. அதன்மேல் முடி இருக்காது, லேசான சிவப்போடு பளபளக்கும். வீட்டில் அதைக் 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லிவிட்டோம். முடிவெட்டுகிறவர் கத்தி பட்டுவிடுமோ என்று பயந்ததால், மாமாவுக்கு அத்தைதான் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவாள். அம்மாவின் மூக்கு ஒரு கதை, மாமாவின் தலை வேறொரு கதை என்றே நாங்கள் எல்லாரும் நம்பினோம். தாத்தாவுக்கும் முகத்தில் இருந்தது என்பார்கள். எனக்கு அவரைத் தெரியாது. அவருடைய ஒரே புகைப்படத்தில் முகம் பாதி கரைந்திருக்கிறது.

பெண் பார்க்கும் பருவம் வந்தபோது பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே பென்சிலால் 'டச்சப்' செய்வார்கள். படத்தில் என் மூக்கு பளிங்காக வந்தது. அதைப் பார்த்து வந்த வீட்டார் நேரில் என்னைப் பார்த்துவிட்டு, காபியை முடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். சிலர் நேராகவே கேட்டார்கள்: "இது ஒட்டுமா?" ஒட்டாது என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வருமா என்பதுதான் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதற்கு எங்களிடமும் பதில் இல்லை. கடைசியில் திருமழிசைக்காரர் ஒருவர் டச்சப் செய்யாத முகத்தைப் பார்த்தே சம்மதித்தார். அவருடன்தான் இன்றும் குடித்தனம்.

கல்யாணத்துக்குப் பின், ஒரு தனியார் கிளினிக்கில் கட்டிகளைச் சுட்டு எடுக்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை, கரும்பலகைக்கு முன் நாள் முழுக்க நிற்கிற முகம். மின்சார ஊசியால் சுட்டார்கள். புண் ஆறி, தழும்பு மறைவதற்குள் புதிதாக முளைத்தது. ஒரு கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் 'பேசல் செல் கார்சினோமா' என்று இருந்தது. தோல் புற்றுநோய். மூக்கின் ஒரு பகுதியை அகலமாக வெட்டி எடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி ஒட்ட வேண்டும் என்று அந்த டாக்டர் படம் போட்டு விளக்கினார். அவர் படம் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் என் அம்மா பக்கத்து நாற்காலியில், அத்தனை கட்டிகளும் தெரிய, எழுபது வயதில் திடகாத்திரமாக உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை அவர் ஒரு முறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கோபம் அறிக்கையின் மீதல்ல, அந்தப் பார்க்காமையின் மீதுதான்.

எங்கள் தெருவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கிக்கினு ஜி.ஹெச்.சுக்குப் போங்க. அம்மாவையும் கூட்டிக்கினு போங்க." பிளாக் என்பது வெட்டிய சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டி. அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் முகத்தைப் பற்றிய எண்ணம் முதல்முறையாகச் சின்னதாயிற்று. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர். உடம்பெங்கும் மெத்தென்ற முடிச்சுகள், முதுகில் காபி நிறத்தில் படர்ந்த திட்டுகள். பயிற்சி டாக்டர் ஒரு முடிச்சை விரலால் அழுத்த, அது உள்ளே அமுங்கி மறுபடி எழும்பியது. கையைத் தூக்கச் சொல்லி அக்குளில் டார்ச் அடித்தார். அங்கே பொடிப்பொடியாகப் புள்ளிகள். அது நியூரோஃபைப்ரோமட்டோசிஸ். ஜெர்மனியில் ரெக்லிங்ஹவுசன் 1882-இல் நரம்பிலிருந்து வளரும் கட்டிகள் என்று விளக்கிய நோய். ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு, அவர்களில் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க இன்றும் டாக்டர்கள் முதலில் எண்ணத்தான் செய்கிறார்கள். 1987-இல் வகுத்த விதிப்படி, வயது வந்தவர் என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் அகலமுள்ள காபித் திட்டு ஆறாவது வேண்டும். அதோடு அக்குள் புள்ளி, கண்ணின் கருவிழிப்படலத்தில் முடிச்சு, பெற்றோருக்கு அதே நோய் என்று ஒரு பட்டியல். அதில் இரண்டு பொருந்தினால் முடிவு செய்யலாம். கணக்கு டீச்சருக்கு இது பிடித்திருந்தது.

எங்கள் முறை வந்தபோது பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். "அம்மாவா? எத்தனை வயசுல வந்தது?" அடுத்து மாணவர்களிடம் திரும்பி, "மூக்கைச் சுத்தி, ரெண்டு பக்கமும், சின்ன வயசிலேயே, பரம்பரையா. என்னென்ன யோசிப்பீங்க?" என்றார். பதில்கள் வரவர என்னிடம் கேள்விகள் பறந்தன. அன்று அவை சம்பந்தா சம்பந்தமில்லாதவையாக இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு நோய் நின்றிருந்தது என்பதைப் பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

வலிப்பு வந்ததுண்டா, வீட்டில் மூளை வளர்ச்சி குறைந்த குழந்தை உண்டா? இது டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸுக்கு. அதிலும் மூக்கைச் சுற்றி இதே இடத்தில் கட்டி வரும், உடன் மூளையிலும் சிறுநீரகத்திலும் வளர்ச்சிகள் இருக்கும். இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்து என் உடம்பில் வெளிறிய, இலை வடிவத் திட்டுகள் உண்டா என்று தேடினார்கள். நகங்களின் ஓரத்தைப் பார்த்தார்கள். திடீரென்று மூச்சடைத்து நுரையீரல் சுருங்கியதுண்டா? இது 1977-இல் கனடாவில் மூன்று டாக்டர்கள் விவரித்த பர்ட்-ஹாக்-டூபே நோய்க்கு. அதில் முகத்துக் கட்டி சிறியது, ஆனால் சிறுநீரகப் புற்று வரக்கூடும். ஈறில் கரடுமுரடு, தைராய்டில் கட்டி, மார்பில் கட்டி? இது கௌடன் நோய்க்கு. 1963-இல் அதை எழுதியவர்கள் தங்கள் நோயாளியின் குடும்பப் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள். உள்ளங்கையில் குண்டூசி குத்தியதுபோன்ற குழிகள்? இது கார்லின் நோய்க்கு. அதில் சிறு வயதிலேயே உண்மையான பேசல் செல் புற்று கூட்டங்கூட்டமாக வரும். அந்தக் கேள்வி வந்தபோது கிளினிக் அறிக்கை நினைவுக்கு வந்து எனக்குக் கை வியர்த்தது. உள்ளங்கையை விளக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றார்.

இந்தக் கட்டிகளைப் பொறுத்தவரை வகை பிரிப்பது புத்தகப்புழு வேலை அல்ல என்பதை அந்த அரைமணி நேரத்தில் கற்றேன். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆனால் பெயர் மாறினால், ஸ்கேன் எடுக்க வேண்டிய உறுப்பு மாறும், கூப்பிட வேண்டிய உறவினர் மாறுவார். வகை பிரித்தவர்களும் ஒரே நாளில் சரியாகப் பிரித்துவிடவில்லை. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸின் முகக் கட்டியை லண்டனில் பிரிங்கிள் 1890-இல் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி என்று பொருள்படும் பெயரிலேயே விவரித்தார். அதற்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் சம்பந்தமே இல்லை, நாரும் ரத்தக்குழாயும் சேர்ந்த கட்டி அது. தப்பான அந்தப் பெயர் பல தலைமுறை மாணவர்களின் வாயில் புழங்கியது.

பேராசிரியர் கடைசியாக, "தலையில ஏதாவது கட்டி உண்டா?" என்றார். எங்கள் இருவருக்கும் இல்லை. எழுந்துகொள்ளும்போது அம்மா போகிறபோக்கில், "எங்கண்ணனுக்குத்தான் தலையில கொழுப்புக் கட்டி. அது வேற" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதாம்மா வேணும். அவரைக் கூட்டிட்டு வாங்க."

மாமா லேசில் வரவில்லை. "தலையைத் தொறந்து காட்டறதுக்கு நான் என்ன எக்ஸிபிஷனா?" என்று கத்தினார். அம்மா ஒரு வாரம் அவர் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகே வந்தார். துண்டை அவிழ்த்ததும் அறையில் இருந்த மாணவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அது கொழுப்புக் கட்டி அல்ல, சிலிண்ட்ரோமா. நிறைய வந்து தலை முழுவதையும் மூடும்போது அதை மருத்துவர்கள் தலைப்பாகைக் கட்டி என்றே சொல்வார்களாம். மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் முகத்தில் இருந்தவை டிரைக்கோஎபிதீலியோமா. முடி வேராக உருவாகத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன செல்கள். நோயியல் பிரிவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்றில் என் ஸ்லைடைக் காட்டினார்கள். டீச்சர் என்று சொன்னதால் கிடைத்த சலுகை. மெழுகுக் கட்டியிலிருந்து மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிய துண்டு. ஊதா நிறத்தில் செல் தீவுகள், சுற்றிலும் இளஞ்சிவப்பில் நார். அந்த ஊதா, மத்திய அமெரிக்காவின் ஒரு மரக்கட்டையிலிருந்து எடுக்கும் சாயம் என்று போகிறபோக்கில் சொன்னார்கள். பேசல் செல் புற்றிலும் இதே தீவுகள்தான், ஓரத்துச் செல்கள் இதே மாதிரிதான் வரிசை பிடித்து நிற்கும். வித்தியாசம் தீவின் கரையில் இருக்கிறது. புற்றில், தீவுக்கும் சுற்றியுள்ள நாருக்கும் நடுவில் அடிக்கடி வெடிப்பு விழுந்திருக்கும். எங்களுடையதில் நார் தீவை இறுக ஒட்டியிருக்கும். நடுவில் கெரட்டின் நிறைந்த வட்டங்கள், அங்கங்கே முடி வேரின் அடிக்குமிழை உருவாக்க முயன்ற சிறு திரள்கள். சிறு துண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அனுபவசாலிகளே தடுமாறும் இடம் இது என்றார் ஸ்லைடைக் காட்டிய அம்மையார். கூடவே வந்த விண்ணப்பத் தாளை எடுத்துக் காட்டினார். 'முகத்தில் கட்டி, பெண்' என்பதைத் தவிர அதில் ஒரு வரி இல்லை. 'பதின்மூன்று வயதிலிருந்து, பல கட்டிகள், தாய்க்கும் உண்டு' என்று யாராவது எழுதியிருந்தால், மூக்கை வெட்டும் படமே போட்டிருக்க மாட்டார்கள்.

மாமாவின் ஸ்லைடு வேறு உலகம். செல் கூட்டங்கள் ஜிக்சா துண்டுகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்க, ஒவ்வொன்றையும் சுற்றி கெட்டியான இளஞ்சிவப்புக் கரை. அம்மாவுடையதும் அவருடையதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்றால் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள். மருத்துவ உலகமும் நெடுநாள் நம்பவில்லை. லண்டனில் ஆன்செல் 1842-இல் தலைக் கட்டிகளைப் பற்றி எழுதினார். மான்செஸ்டரில் புரூக் 1892-இல் முகக் கட்டிகளைப் பற்றி எழுதினார். வியன்னாவில் ஸ்பீக்ளர் 1899-இல் மறுபடி தலைக் கட்டிகளுக்கு வந்தார். இரண்டும் ஒரே குடும்பத்தில், சில சமயம் ஒரே ஆளிடம் வருவதைக் கவனித்த பிறகே புரூக்-ஸ்பீக்ளர் என்று சேர்த்து அழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் 16-ஆவது குரோமோசோமில் அதற்கான மரபணுவைப் பிடித்தார்கள். சி.ஒய்.எல்.டி. என்று பெயர். செல் தேவைக்குமேல் பெருகாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுது. இன்னொன்று இருக்கும்வரை அந்தச் செல் ஒழுங்காக இருக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் போனால் அங்கே ஒரு கட்டி. ஒன்றிரண்டாக, வருடக்கணக்கில் முளைப்பதன் காரணம் இதுதான்.

பேராசிரியர் ஒரு தாளில் எங்கள் வம்சத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு. என் அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். சொந்தத்தில் கல்யாணம் என்பதால் அவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு போட்டார். உடனே கூட வந்திருந்த சித்தி, "பாத்தியா, சொந்தத்துல கட்டினதாலதான்" என்றாள். ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அப்பா அந்தப் பழியோடே செத்தார். பேராசிரியர் பேனாவால் தாளில் தடம் காட்டினார். நோய் வந்த வழி தாத்தா. அப்பாவோ பாட்டியின் தம்பி, தாத்தாவின் ரத்தமே அல்ல. அம்மா அமெரிக்காவில் போய் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தாலும் எனக்கு வந்திருக்கும் வாய்ப்பு இதே பாதிதான். சொந்தக் கல்யாணத்தால் பெருகும் நோய்கள் இருக்கின்றன. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படுபவை அவை. எங்களுடையதற்கு ஒரு பிரதி போதும். இந்த வித்தியாசத்தை யாராவது முப்பது வருடம் முன்னால் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார்.

பாதி என்பதையும் எங்கள் வீட்டில் புரியவைக்க நான் பட்ட பாடு பத்தாம் வகுப்பில்கூடப் பட்டதில்லை. அம்மாவோடு பிறந்தவர்களில் மாமா, அம்மா, சின்ன மாமா மூவருக்கும் உண்டு, சித்திக்கு இல்லை. "நாலுல ரெண்டுதானே வரணும்?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு பிறப்பும் தனிக் கணக்கு, முந்தைய பிள்ளையைப் பார்த்து அடுத்த பிள்ளைக்கு வருவதில்லை. நாலு பேரில் மூவருக்கு வருவதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள சாதாரணச் சம்பவம்தான். சித்தி தன் பிள்ளைகளுக்காக அத்தனை வருடம் பயந்தது வீண். அவளிடம் இல்லாததை அவள் கொடுக்க முடியாது. அன்று அவள் அழுதாள். கட்டி உள்ள எங்களில் யாரும் அழவில்லை.

மாமாவின் பெரிய கட்டிகளை எடுத்தார்கள். என் முகத்தில் லேசர் வைத்து மட்டப்படுத்துகிறார்கள், சில வருடங்களில் மறுபடி முளைக்கிறது, மறுபடி வைக்கிறோம். ரத்தப் பரிசோதனையில் மரபணுப் பழுதும் உறுதியாயிற்று. என் மகளுக்கும் பதினான்கு வயதில் வந்தது. அவள் என்னைப்போலக் கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கவில்லை. "அம்மா, ஆரம்பிச்சிடுச்சு" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். 2020 மே மாதம், கோயம்பேடு மூடப்பட்டு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு வந்து, எங்கள் சாலை லாரிகளால் திணறிய நாட்களில், முகக்கவசத்தோடு கடைக்குப் போனேன். என் வாழ்நாளில் முதல்முறையாக யார் பார்வையும் என் மூக்கில் நிற்கவில்லை. சுகமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் முகத்திலோ தலையிலோ இப்படிப் பரம்பரையாக வலிக்காத கட்டிகள் இருந்தால், டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். கட்டி உள்ள ஒரு உறவினரையாவது அழைத்துப் போங்கள், வர மறுத்தால் படமாவது எடுத்துப் போங்கள். 'அது வேற' என்று நீங்களே பிரித்துவிடாமல் சித்தப்பாவின் முதுகு, மாமாவின் தலை, அத்தையின் தைராய்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். சதை வெட்டி அனுப்பினால், எத்தனை வயதில் வந்தது, வேறு யாருக்கு உண்டு என்று விண்ணப்பத் தாளில் எழுதச் சொல்லி நின்று பாருங்கள். அறிக்கை பயமுறுத்தினால், அவசரப்பட்டுக் கத்தி வைக்காமல் பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்களுடையது போன்றவை பெரும்பாலும் சாதுவானவை. ஆனால் பல வருடம் சும்மா இருந்த ஒரு கட்டி வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, காதுக்கு முன்னால் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலோ அந்த வாரமே போய்விட வேண்டும். அரிதாக இவை புற்றாக மாறுவதும் உண்டு.